நீராவிக் கவசத்துக்குத் தண்ணீர் எங்கே?

சனிக்கிழமை பின்னேரங்களில் கல்லடியில் எங்கள் வீட்டு விறாந்தையில் ஐந்து பேர் கூடி டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாடுகிறோம்; ஆளுக்கொரு பாத்திரமாகிப் பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் மேசை விளையாட்டு அது. கதை நடத்துவது நான். போன மாதம் ஒரு தம்பி தன் வீரனுக்கு நீராவியில் இயங்கும் கவசம் வேண்டும் என்றான். உடனே வாக்குவாதம். வாளும் மந்திரமும் உள்ள உலகத்தில் பொயிலருக்கு என்ன வேலை என்று ஒரு கட்சி. டிராகனே பறக்கும்போது பொயிலர் இருந்தால் என்ன என்று மற்றக் கட்சி. எனக்கு இரண்டிலும் உடன்பாடு இல்லை.

முதல் கட்சிக்குப் பதில் சுலபம். 1453இல் கொன்ஸ்தாந்திநோபிள் மதிலைப் பீரங்கி உடைத்த காலத்திலும் வீரர்கள் இரும்புக் கவசம்தான் போட்டிருந்தார்கள். நீராவியால் சுழலும் உருண்டையை அலெக்சாந்திரியாவின் ஹீரோ முதலாம் நூற்றாண்டிலேயே எழுதி வைத்துவிட்டார். அயர்ன் கிங்டம்ஸ் என்ற விளையாட்டுலகத்தில் நிலக்கரியும் தண்ணீரும் போட்டு ஓட்டும் இரும்பு ராட்சதர்கள் மந்திரவாதிகளோடு சேர்ந்தே போருக்குப் போகிறார்கள்.

என் கோபம் இரண்டாவது கட்சியோடுதான். எங்கள் மேசையில் மந்திரவாதி தன் மந்திரங்களைத் தீர்த்துவிட்டால் எட்டு மணித்தியாலம் ஓய்வெடுக்க வேண்டும். வில்லாளி அம்புகளை எண்ணுகிறாள். கவசக்காரன் மட்டும் எதையும் எண்ணாமல் சுவரை இடித்துக்கொண்டு போவானா? அப்படியென்றால் அது நீராவியே இல்லை, நீராவி என்று பெயர் வைத்த இன்னொரு மந்திரம். மற்ற நாலு பேருக்கும் செய்கிற அநியாயமும்கூட.

என் மாமா கல்முனைப் பக்கம் ஓர் அரிசி ஆலையில் பொயிலர் பார்த்தவர். விடியப்புறம் போய் உமியைப் போட்டு மூட்டினால்தான் நெல் அவிக்கிற நேரத்துக்கு ஆவி கிடைக்கும். பொயிலரின் பக்கத்தில் விரல் தடிப்பில் ஒரு கண்ணாடிக் குழாய் இருக்கும், உள்ளே தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று அதில் தெரியும். என்னோடு பேசும்போதும் அவர் கண் அதிலேயே இருக்கும். “நெருப்பு அணைஞ்சா திரும்ப மூட்டலாம் மனே, தண்ணி இறங்கினா ஆளே இல்லை” என்பார். உண்மைதான். தண்ணீர் குறைந்தால் இரும்பு பழுக்கும், அதன்மேல் பச்சைத் தண்ணீர் பட்டால் வெடிக்கும். ஒரு துளி தண்ணீர் ஆவியானால் ஏறக்குறைய 1,600 மடங்கு இடம் கேட்கும். ஒரு நாள் இறுக்கம் விட்ட குழாயிலிருந்து வந்த ஆவி மாமாவின் முன்கையைச் சுட்ட தழும்பு இன்றைக்கும் இருக்கிறது.

அதை முதுகில் கட்டிக்கொண்டு சண்டைக்குப் போகிறவனை யோசித்துப் பாருங்கள். எங்கள் விளையாட்டு விதிகளின் ஐந்தாம் பதிப்பில் முழுத் தகட்டுக் கவசம் மட்டுமே 65 இறாத்தல். அதற்கு மேல் பொயிலர், விறகு, தண்ணீர். 20 லீற்றர் என்றால் தண்ணீர் மட்டுமே இன்னும் 20 கிலோ. பதுங்கிப் போவதை மறந்துவிட வேண்டியதுதான், சத்தமும் புகையும் ஒரு கட்டை தூரத்துக்குத் தெரியும். ஆனால் ஆவி ஏறி நிற்கிற அந்தக் கொஞ்ச நேரம் அவனை அசைக்க யாராலும் முடியாது. எவ்வளவு அழகான பாத்திரம்!

சரி, தம்பிக்குக் கவசம் கொடுத்தேன். கூடவே தண்ணீர்க் கணக்குக்குப் பத்துப் புளியங்கொட்டை. கவசத்தின் பலத்தைப் பாவிக்கிற ஒவ்வொரு தடவையும் ஒன்றைத் திருப்பித் தர வேண்டும். மூட்டி ஆவி ஏற அரை மணித்தியாலம்.

மூன்றாவது வாரம் அவன் கையில் இரண்டு கொட்டைதான் மிச்சம். கதையில் அவர்கள் நின்றது எங்கள் வாவி மாதிரி ஒரு களப்புக் கரையில். “இங்கதான் தண்ணி கிடக்கே” என்று நிரப்பிவிட்டான். உப்புத் தண்ணீர் பொயிலருக்குள் நுரைக்கும், கொதிக்கக் கொதிக்க உப்பும் படியும். இருபது முகப் பகடையை உருட்டச் சொன்னேன். நாலுதான் விழுந்தது. நுரைத் தண்ணீர் சிலிண்டருக்குள் ஏறி, பாதி தூக்கிய கையோடு கவசம் இறுகி நின்றது. உள்ளே ஆள் வேகிறான், எதிரே முதலை. வில்லாளி ஈரச் சால்வையைக் கையில் சுற்றிக்கொண்டு சுடுகிற கொளுக்கிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். விறாந்தையில் ஒருவரும் கதிரையில் இருக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை தம்பி ஒரு கொப்பித் தாளோடு வந்தான். கவசத்தைப் புதிதாக வரைந்திருந்தான். முதுகில் மழைத்தண்ணீருக்கென்று மூடி போட்ட தனித் தொட்டி. தலைக்கவசத்துக்குள்ளே, இடது கண்ணுக்கு நேராக, விரல் தடிப்பில் ஒரு கண்ணாடிக் குழாய்.