கேரிக்கு முதல் வருடமே அறுவடையா?

இங்கிலாந்து மிஷனரி வில்லியம் கேரி வங்காளத்துக்கு வந்த முதல் வருடமே ஆயிரக்கணக்கானோர் ஞானஸ்நானம் பெற்றார்கள், இரண்டு வருடத்தில் ஆள் சேராவிட்டால் சுவிசேஷ ஊழியரிடம்தான் குறை என்று மேலே ஒரு சகோதரர் எழுதியிருக்கிறார். அது சரியல்ல. கேரி வந்தது 1793 நவம்பரில். அவரிடம் முதல் வங்காளியாகக் கிருஷ்ண பால் ஹூக்ளி ஆற்றில் ஞானஸ்நானம் பெற்றது 1800 டிசம்பர் 28-இல். ஏழு வருடம்! அதற்குள் மகன் பீட்டரைப் பறிகொடுத்தார்; அவுரி (நீலச் சாயம்) தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டே புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்தார். கிருஷ்ண பால் ஒரு தச்சர். மூட்டு விலகிய அவர் கையைச் சரிசெய்த, கேரியின் சக மிஷனரி டாக்டர் ஜான் தாமஸ், அப்படியே சுவிசேஷமும் சொன்னார். பெருங்கூட்டம் எதுவும் இல்லை. கிராமங்களில் தனியாக உழைக்கும் ஊழியர்களைத் தலைக்கணக்கால் எடைபோடுவது மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது. அந்த வரியைத் திருத்திவிடுங்கள், சகோதரரே.