கிருபைக்கு செக்ரோல் கிடையாது

"விசுவாசம் பத்தல ஆண்டி, அதான் சுகம் கிடைக்கல." வாரம் மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் நான்கு மணி நேரம் டயாலிசிஸ் மெஷினில் கிடந்துவிட்டு வருகிற அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று இப்படிச் சொல்லிவிட்டுப் போகிற ஜெபக்குழுக்கள் நம் ரப்பர் தோட்டப் பக்கத்து டவுன்களில் இருக்கின்றன. சொல்கிறவர்கள் கெட்டவர்கள் இல்லை. வேலை முடிந்து, குளித்து, மோட்டார் எடுத்துக்கொண்டு வந்து மனதார ஜெபிக்கிறவர்கள்தான். ஆனாலும் சொல்வது தப்பான போதனை. படுத்திருப்பவரின் மனதை உடைக்கிறது, சுவிசேஷத்தையும் தலைகீழாக்குகிறது.

ரோமர் 4:4-5இல் பவுல் எடுக்கிற உதாரணத்தை நம் ஆட்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. வேலை செய்தவனுக்கு வருவது கூலி. அது அவனுக்குச் சேரவேண்டிய பாக்கி, அதைக் கிருபை, அதாவது தகுதி பார்க்காமல் கிடைத்த தயவு, என்று யாரும் சொல்லமாட்டார்கள். விடியற்காலைப் பெரட்டில் (ஆள் கணக்கெடுப்பில்) நின்று, நெரை (தனக்கு ஒதுக்கிய மர வரிசை) முடித்து, பாலை எடை போட்டு, அதில் உலர்ந்த ரப்பர் எவ்வளவு தேறும் என்று பார்த்து செக்ரோலில், அதாவது தோட்டத்துச் சம்பளப் பதிவேட்டில், ஏற்றிய கணக்கு அது. சம்பள நாளில் அதைக் கொடுத்த தோட்டத்துரை தர்மம் செய்ததாக யாரும் நினைத்ததில்லை. ஆனால் கிரியை (தகுதி சேர்க்கும் செயல்) செய்யாமல், பாவியை நீதிமானாக்குகிறவரை நம்புகிறவனுக்கு அந்த விசுவாசமே நீதியாக எண்ணப்படும் என்கிறார் பவுல். நாம் கோட்டை விடுவது இங்கேதான். உபவாசம், பொருத்தனை, தசமபாகம் இவற்றால் இரட்சிப்பை வாங்க முடியாது என்று வாயால் ஒத்துக்கொள்கிறோம். பிறகு விசுவாசத்தையே தராசில் தூக்கி வைத்து, இத்தனை கிலோவுக்கு இத்தனை ஆசீர்வாதம் என்று அதே செக்ரோலைத் திரும்பத் திறந்துவிடுகிறோம்.

விசுவாசம் என்றால் என்ன என்பதைச் சீர்திருத்த சபைகளின் பழைய போதகர்கள் மூன்றாகப் பிரித்துச் சொல்வார்கள். செய்தியை அறிவது, அது உண்மை என்று ஒத்துக்கொள்வது, கிறிஸ்துவை நம்பித் தன்னை ஒப்படைப்பது. முதல் இரண்டும் பிசாசுகளுக்கும் உண்டு. "பிசாசுகளும் விசுவாசித்து, நடுங்குகின்றன" என்று யாக்கோபு 2:19 சொல்கிறது. மூன்றாவதுதான் இரட்சிக்கிற விசுவாசம். அதற்கும் தனக்கென்று ஒரு பலம் கிடையாது. யாரைப் பற்றிக்கொண்டிருக்கிறதோ அவரிடத்தில்தான் பலம். மாற்கு 9:24இல் ஒரு தகப்பன் "என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று கண்ணீரோடு கத்துகிறான். அந்தப் பாதி விசுவாசத்துக்கே பிள்ளை சுகமாகிறான். பெதஸ்தா குளத்தண்டையில் 38 வருஷம் கிடந்தவனுக்குத் தன்னைச் சுகமாக்கினவர் யாரென்றுகூடத் தெரியாது (யோவான் 5:13). மறுபக்கம் பாருங்கள்: துரோப்பீமுவை வியாதியோடு மிலேத்துவில் விட்டுவந்ததாகப் பவுல் எழுதுகிறார் (2 தீமோத்தேயு 4:20). தீமோத்தேயுவின் வயிற்றுக்கு மருந்து போலக் கொஞ்சம் திராட்சரசம் சேர்த்துக்கொள்ளச் சொல்கிறார். பவுலே தன் சரீரத்தில் இருந்த, 'முள்' என்று தான் சொன்ன உபாதைக்காக மூன்றுதரம் வேண்டிக்கொண்டு, "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பதிலையே வாங்கினார். இவர்களில் யாரையும் பார்த்து விசுவாசம் போதவில்லை என்று சொல்ல நமக்குத் தைரியம் வருமா?

அப்படியானால் மனுஷனுடைய சுயசித்தத்துக்கு வேலையே இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. ஆனால் யார் ஆரம்பிக்கிறார் என்பது ஒரு கேள்வி, ஆரம்பித்த பிறகு மனுஷன் என்ன செய்கிறான் என்பது வேறு கேள்வி. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் பாதி வாக்குவாதம் வருகிறது.

முதல் கேள்விக்குச் சபை எப்போதோ பதில் சொல்லிவிட்டது. கிருபையின் உள்ளுதவி இல்லாமலேயே மனுஷன் முயன்றால் கட்டளைகளைக் கைக்கொள்ள முடியும் என்று பழைய காலத்துத் துறவி பெலாஜியுஸ் போதித்தார். வட ஆப்பிரிக்க பிஷப் அகுஸ்தீன் வருஷக்கணக்கில் அவரை எதிர்த்து எழுதினார். 418இல் கார்த்தேஜ் நகரில் கூடிய பிஷப்மார் சங்கம் பெலாஜியுஸின் போதனையைத் தள்ளியது. அதற்குப் பிறகும், "சரி, முதல் அடியை மட்டும் நாம் எடுத்து வைக்கிறோம், மீதியைத் தேவன் பார்த்துக்கொள்வார்" என்று ஒரு நடுவழி புறப்பட்டது. இன்று நம் பிரசங்கங்களில் அதிகம் கேட்பது இதைத்தான்! 529இல் பிரான்சின் ஆரஞ்சு நகரில் கூடிய சங்கம் அதையும் மறுத்து, விசுவாசத்தின் ஆரம்பமே, நம்ப வேண்டும் என்ற விருப்பமே கிருபையின் ஈவு என்று தீர்த்தது. தேவன் சிலரைத் தீமைக்கென்றே முன்குறித்தார் என்ற கருத்தையும் அதே சங்கம் சபித்துத் தள்ளியது.

இரண்டாவது கேள்வியில்தான் நம் டவுன் சபைகள் பிரிகின்றன. லூத்தரன் போதனை: ஊர் வேலை, குடும்பம், ஒழுக்கம் இதிலெல்லாம் சித்தத்துக்குச் சுதந்திரம் உண்டு, தேவனிடம் திரும்புவதில் கிடையாது. 1524இல் சுயசித்தத்துக்காக அறிஞர் எராஸ்மஸ் எழுதியதற்கு 1525இல் லூத்தர் கொடுத்த காரமான மறுப்பு இதுதான். கத்தோலிக்கரோ, கிருபை எழுப்பிவிட்ட சித்தம் சம்மதிக்கிறது, ஒத்துழைக்கிறது என்பார்கள். 1547இல் திரெந்து சங்கம் அப்படித்தான் வகுத்தது. ஆனால் அதன் முதல் விதியே, கிறிஸ்துவின் கிருபை இல்லாமல் சொந்தக் கிரியையால் நீதிமானாகலாம் என்கிறவனைச் சபிக்கிறது. கத்தோலிக்கர் கிரியையால் இரட்சிப்பு என்கிறார்கள் என்று பேசுகிறவர்கள் அந்த ஒரு விதியையாவது படிக்க வேண்டும். மெதடிஸ்ட் வழி ஜான் வெஸ்லியுடையது: எல்லா மனுஷரிடமும் கிருபை முன்னதாகவே வந்து சித்தத்தின் கட்டை அவிழ்த்துவிடுகிறது, அதனால் பதில் சொல்ல முடிகிறது. பெந்தெகொஸ்தே சபைகள் பெரும்பாலும் இந்தப் பக்கம்தான். பிரெஸ்பித்தேரியர் 1618-19இல் நெதர்லாந்தில் கூடிய டோர்ட் சங்கத்தோடு நின்று, தேவன் தெரிந்துகொண்டவரைக் கிருபை தவறாமல் இழுத்துச் சேர்க்கும் என்பார்கள்.

என் நிலை வெஸ்லிக்குப் பக்கத்தில். வருகிறவன் பிதா இழுத்ததால் வருகிறான் (யோவான் 6:44). வராதவனைக் குறித்து ஆண்டவர் சொன்னது, "உங்களுக்கோ மனதில்லாமற்போயிற்று" (மத்தேயு 23:37). இந்த இரண்டும் ஒரே கணக்குக்குள் அடங்காது, அடக்கப் பார்க்கவும் கூடாது. கத்தோலிக்கருக்குள்ளேயே தொமினிக்கன், இயேசு சபை என்ற இரண்டு துறவறச் சபையாரும் இதற்காக மோதிக்கொண்டபோது, 1607இல் போப் ஐந்தாம் பவுல் எந்தப் பக்கமும் தீர்ப்புச் சொல்லாமல், ஒருவரையொருவர் கண்டனம் செய்யாதிருங்கள் என்று நிறுத்திவிட்டார். அதை நான் பெரிய ஞானமாக மதிக்கிறேன்.

கன்வென்ஷனில் (பெரிய சுவிசேஷக் கூட்டத்தில்) இயேசுவை ஏற்றுக்கொள்கிறவர்களைக் கை உயர்த்தச் சொல்வதற்கும் இது பொருந்தும். முன்னே வரச் சொல்லி அழைக்கும் முறையைப் பரவலாக்கியவர் 19ஆம் நூற்றாண்டு அமெரிக்கரான சார்லஸ் ஃபின்னி. கூப்பிடுவது தப்பில்லை. உயர்த்திய கைதான் இரட்சித்தது என்று பிள்ளைகள் எண்ணிக்கொள்வதுதான் ஆபத்து. போன வருஷம் சரியாக உயர்த்தவில்லையோ என்று வருஷா வருஷம் திரும்ப உயர்த்துவார்கள். அவர்களுக்கு இன்னொரு அழைப்பு தேவையில்லை. எபேசியர் 2:8 முதல் 10 வரை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுங்கள். எட்டும் ஒன்பதும் கிரியையை வேரிலிருந்து எடுத்துவிடுகின்றன, பத்து அதையே கனியாகத் திருப்பித் தருகிறது. யாக்கோபு கேட்பதும் அந்தக் கனியைத்தான்.

கலப்புச் சபைக் கல்யாணத்தில் சண்டை போடுகிற குடும்பங்களுக்கும் ஒன்று. 1999 அக்டோபர் 31இல் ஆக்ஸ்பர்க்கில் கத்தோலிக்கரும் லூத்தரன் உலக சம்மேளனமும் கூட்டறிக்கையில் கையெழுத்திட்டார்கள். நம் தகுதியால் அல்ல, கிருபையால் மட்டும், கிறிஸ்துவில் வைக்கும் விசுவாசத்தில் தேவன் நம்மை ஏற்றுக்கொள்கிறார் என்று. 2006இல் உலக மெதடிஸ்ட் மன்றமும் சேர்ந்துகொண்டது. மீதி வேறுபாடுகளையும் அந்த அறிக்கை மறைக்கவில்லை.

ஆகவே அந்த அம்மாவைப் பார்க்கப் போகிறவர்கள் ரோமர் 4:5ஐ வாசியுங்கள். மறைவான பாவம் என்ன என்று குடைந்து கேட்காதீர்கள். சுகத்துக்காகத் தாராளமாக ஜெபியுங்கள். இன்சுலினை நிறுத்து, டயாலிசிஸுக்குப் போகாதே என்று யாராவது சொல்லியிருந்தால் அங்கேயே மறுத்துப் பேசுங்கள். இரண்டு மூன்று தடவை தவறினாலே நீர் நுரையீரலில் ஏறிவிடும், பொட்டாசியம் கூடி இருதயம் நின்றுவிடலாம். கிளம்புவதற்கு முன் அடுத்த டயாலிசிஸ் எந்தக் கிழமை, காரில் யார் கூட்டிப் போகிறார்கள் என்று கேளுங்கள்.