பெயரை விடுங்கள், புல்லாங்குழலைக் கேளுங்கள்

இத்தாலிய இயக்குநர் செர்ஜியோ லியோனேவின் டாலர்ஸ் படங்கள் மூன்றிலும் கிளின்ட் ஈஸ்ட்வுட் நடிக்கும் நாயகன் ஒரே ஆளா, மூன்று வேறு ஆட்களா? ஸ்பாகெட்டி வெஸ்டர்ன் (இத்தாலியர்கள் எடுத்த கௌபாய் படங்கள்) பற்றிய பேச்சு எங்கே தொடங்கினாலும் இந்தச் சண்டையில்தான் வந்து நிற்கிறது. வழக்கமாக இதற்குப் பெயரையும் வருடத்தையும் வைத்து வாதாடுகிறார்கள். இரண்டும் கைகொடுக்காது.

பெயரை எடுத்துக்கொள்வோம். 1964-ல் வந்த ‘எ ஃபிஸ்ட்ஃபுல் ஆஃப் டாலர்ஸ்’ படத்தில் சவப்பெட்டி செய்யும் கிழவர் ஈஸ்ட்வுட்டை ஜோ என்று கூப்பிடுகிறார். அடுத்த வருடம் ‘ஃபார் எ ஃப்யூ டாலர்ஸ் மோர்’ படத்தில் அவர் மான்கோ. 1966-ல் ‘தி குட், தி பேட் அண்ட் தி அக்லி’ வந்தபோது கூட்டாளிக் கொள்ளைக்காரன் டூக்கோவின் வாயில் ப்ளாண்டி. ‘பெயரில்லா மனிதன்’ என்ற பட்டம், 1967-ல் மூன்று படங்களையும் ஒரே வருடத்தில் அமெரிக்காவில் வெளியிட்ட யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் நிறுவனம் விளம்பரத்துக்காக ஒட்டியது. நடுவில் ஒரு வழக்கும் உண்டு. முதல் படத்தின் தயாரிப்பாளர்களை விட்டு லியோனே வேறு தயாரிப்பாளரிடம் போனதும், அந்தக் கதாபாத்திரம் எங்களுடையது என்று பழையவர்கள் நீதிமன்றம் போனார்கள். அந்த நடை உடை பாவனைகள் எல்லாம் வெஸ்டர்ன் வகையின் பொதுச்சொத்து என்று தீர்ப்பாகிவிட்டது.

முதல் படத்துக்கு மூலமான, ஜப்பானிய இயக்குநர் குரோசாவாவின் ‘யோஜிம்போ’வில் (1961) பெயர் கேட்டால் நாயகன் ஜன்னலுக்கு வெளியே பார்த்து மல்பெரித் தோட்டத்தின் பெயரைச் சொல்வான். அடுத்த வருடம் வந்த ‘சஞ்சூரோ’வில் அதே ஆள், கண்ணில் பட்ட கமேலியாப் பூவின் பெயரைச் சொல்வான். ஆள் ஒன்றுதான், பெயர் அன்றன்றைக்குக் கிடைப்பது. லியோனே அங்கிருந்து எடுத்த பொருட்களில் இதுவும் ஒன்று.

வருடக் கணக்கு இன்னும் மோசம். முதல் படத்தின் கல்லறைக் கல்லில் 1873 என்றிருக்கிறது. மூன்றாவது நடப்பது 1862-ல், அமெரிக்க உள்நாட்டுப் போரின் நியூ மெக்சிகோ களத்தில். அந்தப் படத்தின் கடைசிப் பகுதியில்தான், சாகக் கிடக்கும் ஒரு சிப்பாய்க்குத் தன் கோட்டைப் போர்த்திவிட்டு அங்கே கிடந்த போஞ்சோவை (தலைவழியே மாட்டும் போர்வை) ப்ளாண்டி எடுத்து மாட்டிக்கொள்கிறார். ஆகவே கடைசிப் படம்தான் கதைப்படி முதல் என்று ஒரு கட்சி. போஞ்சோ, சுருட்டு, பிடியில் வெள்ளிப் பாம்பு பதித்த துப்பாக்கி ஆகிய மூன்றும் மூன்று படங்களிலும் தொடர்வது உண்மைதான். ஆனால் உடையும் பொருளும் மட்டும் ஒருவரை அதே ஆளாக்கிவிடாது. முகமும் ஆக்காது. நடிகர் லீ வான் க்ளீஃபைப் பாருங்கள். இரண்டாம் படத்தில் தங்கைக்காகப் பழிவாங்கும் கர்னல் மோர்ட்டிமர், மூன்றாவதில் கூலிக்குக் கொல்லும் ஏஞ்சல் ஐஸ். அதே முகம், அதே கழுகு மூக்கு, அதே கறுப்பு உடை. ஆனாலும் இருவரையும் ஒரே ஆள் என்று எந்தப் பார்வையாளரும் நினைப்பதில்லை.

ஏன் நினைப்பதில்லை? என் பதில், மூன்று படங்களுக்கும் இசையமைத்த என்னியோ மோரிகோனே. மோர்ட்டிமருக்கு அவர் கொடுத்தது மோர்சிங். இத்தாலியில், குறிப்பாகச் சிசிலியில், மர்ரன்ட்ஸானோ என்பார்கள். நம் கச்சேரி மேடையில் இருக்கும் மோர்சிங்கின் உடன்பிறப்பு. கர்னல் சட்டகத்துக்குள் வரும்போது அந்த இரும்பு நாக்கு ஒருமுறை அதிரும். அடுத்த படத்தில் மோர்சிங் போய்விட்டது. ஏஞ்சல் ஐஸுக்கு ஒகரினா, அந்தக் களிமண் ஊதுகுழலின் வெற்றுச் சத்தம். வாத்தியம் மாறியது, ஆள் மாறிவிட்டான். இப்போது ஈஸ்ட்வுட்டைக் கேளுங்கள். முதல் படத்தின் டைட்டில் இசையில் விசிலுக்கு நடுவே சட்டென்று ஓடி மறையும் புல்லாங்குழல். இரண்டாவதில் மான்கோவுக்கு அதே குழல் ஓட்டம். மூன்றாவதில் ப்ளாண்டிக்கு மறுபடியும் புல்லாங்குழல். ஜோ, மான்கோ, ப்ளாண்டி மூவரும் ஒரே ஆள்தான் என்று நான் சொல்வதற்கு இதுவே ஆதாரம்.

மூன்றாம் படத்தின் டைட்டில் இசையில் வரும் அந்தப் பிரபலமான கத்தல் எவ்வளவு சிறியது என்பதையும் பாருங்கள். இரண்டே சுரம். நம் கணக்கில் சொன்னால் ப ஸ ப ஸ ப, மேல் ஷட்ஜம் வரை ஏறி இறங்குவது. அதற்கு விடையாக க ம ஸ, சாதாரண காந்தாரத்தோடு, கீழ் ஷட்ஜத்தில் இறங்கி நிற்கும். கேள்வி மூன்று பேருக்கும் ஒன்றுதான். ப்ளாண்டிக்குக் குழலில், ஏஞ்சல் ஐஸுக்கு ஒகரினாவில், டூக்கோவுக்கு மனிதத் தொண்டையில். நல்லவன், கெட்டவன், அசிங்கமானவன் மூவரும் அடியில் ஒரே ரகம் என்று படம் சொல்ல வருவதை இசை டைட்டிலிலேயே சொல்லி முடித்துவிடுகிறது.

இது எப்படிச் சாத்தியமானது? முதல் காரணம் பணமின்மையும் ஒலிப்பதிவு முறையும். இத்தாலியப் படங்களை அப்போது நேரடி ஒலி இல்லாமல்தான் எடுத்தார்கள். ஆளுக்கொரு மொழியில் பேசுவார்கள், பிறகு டப்பிங். இத்தாலியப் பதிப்பில் ஈஸ்ட்வுட்டின் குரலே என்ரிகோ மரியா சலெர்னோ என்ற நடிகருடையது. படப்பிடிப்புச் சத்தம் என்று எதுவும் கையில் இல்லாததால், திரையில் கேட்கும் ஒவ்வொரு ஒலியும் யாரோ யோசித்து வைத்தது. அந்த வெற்றிடத்தில்தான் மோரிகோனே சாட்டையையும் மணியையும் பட்டறைச் சத்தத்தையும் வாத்தியமாக வைத்தார். முதல் படத்தின் டைட்டிலே ஒரு பழைய வேலைதான். 1962-ல் பீட்டர் டெவிஸ் என்ற அமெரிக்கப் பாடகருக்காக உட்டி கத்ரியின் பாட்டொன்றுக்கு அவர் செய்திருந்த பின்னணி அமைப்பு. லியோனேவுக்கு அது பிடித்துப்போக, பாடகரை எடுத்துவிட்டு அந்த இடத்தில் அலெஸ்ஸாந்த்ரோ அலெஸ்ஸாந்த்ரோனியின் விசிலை வைத்தார்கள். பெயரில்லாத ஆளுக்குச் சொற்களில்லாத பாட்டு.

அதே படத்தின் கடைசி மோதலுக்கு, ‘ரியோ பிராவோ’ என்ற அமெரிக்க வெஸ்டர்னில் வந்த தெகுவெய்யோ என்ற ட்ரம்பெட் இசையையே போட வேண்டும் என்று லியோனே அடம்பிடித்தார். அப்படியானால் நான் விலகிக்கொள்கிறேன் என்றார் மோரிகோனே. கடைசியில், தொலைக்காட்சி நாடகங்களுக்காகத் தான் முன்பு எழுதியிருந்த ஒரு தாலாட்டை எடுத்து, மிகேலே லாசெரென்ஸாவை ட்ரம்பெட்டில் அந்தப் பாணியில் வாசிக்கவைத்தார். பின்னால் வந்த நூற்றுக்கணக்கான மோதல் இசைகளுக்கு விதை இந்தச் சமரசம்தான்.

ஆனால் இசை கதாபாத்திரத்தையே சுமக்கத் தொடங்கியது இரண்டாம் படத்தின் பாக்கெட் கடிகாரத்தில். இந்த இடத்தை நிதானமாகப் பார்க்க வேண்டும். வில்லன் இந்தியோ கடிகாரத்தைத் திறக்கிறான், சின்ன மணியிசை ஒலிக்கிறது. இசை நின்றதும் சுடலாம் என்பதுதான் விதி. தேவாலயத்தில் நடக்கும் முதல் மோதலில், கடிகாரத்தின் மெல்லிய ஒலி மேல் மோரிகோனே ஆர்கனை எழுப்புகிறார். ஜெர்மானிய இசைமேதை பாஹின் டி மைனர் டொக்காட்டா என்ற ஆர்கன் படைப்பிலிருந்து வரும் முழக்கம். கதைக்குள் ஒலிப்பது எங்கே முடிகிறது, பின்னணி எங்கே தொடங்குகிறது என்று பிரிக்க முடியாது. அந்தக் கடிகாரம் எங்கிருந்து வந்தது என்று முழுசாகத் தெரியாமலே, அதில் ஒரு பாவம் ஒட்டியிருக்கிறது என்பது நமக்குப் புரிந்துவிடுகிறது. கடைசி மோதலில் மணியிசை தேய்ந்து மெதுவாகும். நிற்கப் போகிறது, மோர்ட்டிமரின் துப்பாக்கியோ தரையில். அப்போது அதே இசை இன்னொரு இடத்திலிருந்து எழும். மோர்ட்டிமரின் கடிகாரம், மான்கோவின் கையில். இரண்டு கடிகாரமும் ஒரே குடும்பத்துடையவை என்பதை வசனம் சொல்வதற்கு முன்பே காது கண்டுபிடித்துவிடுகிறது.

லியோனேவின் ‘ஒன்ஸ் அப்பான் எ டைம் இன் தி வெஸ்ட்’ (1968) இதன் அடுத்த படி. நாயகன் சார்லஸ் ப்ரான்சனிடம் வில்லன் ஃப்ராங்க் பெயர் கேட்கும்போதெல்லாம் அவர் சொல்வது ஃப்ராங்க் கொன்றவர்களின் பெயர்களை. அவருடைய உண்மையான அடையாளம் ஹார்மோனிகாவின் அந்த இழுப்பு மட்டுமே, அதன் காரணம் கடைசியில்தான் திறக்கிறது. இந்தப் படத்துக்கு இசை முன்கூட்டியே எழுதிப் பதிவாகி, படப்பிடிப்புத் தளத்திலேயே ஒலித்தது. நடிகர்களின் நடையும் கேமராவின் நகர்வும் இசைக்கு அடங்கிப் போவது அதனால்தான்.

மற்றவர்கள் பெயரைத்தான் பிடித்துக்கொண்டார்கள். 1965-ல் வந்த இரண்டு ‘ரிங்கோ’ படங்களிலும் ஜூலியானோ ஜெம்மாதான் நாயகன், இசையும் மோரிகோனேதான், ஆனால் இரண்டு ரிங்கோவும் வேறு வேறு ஆட்கள். ‘சபாட்டா’ இன்னும் பரிதாபம். 1970-ல் யூல் பிரின்னர் நடித்த ‘இந்தியோ ப்ளாக்’ என்ற படத்துக்குப் பெயரை மாற்றி ‘அதியோஸ், சபாட்டா’ ஆக்கினார்கள். முதல் ‘சபாட்டா’ படத்தின் முகமும் இல்லை, இசையமைப்பாளரும் இல்லை. ‘ஜாங்கோ’ பெயரில் வந்த படங்கள் பலவற்றில் ஜாங்கோவே கிடையாது.

இனிப் பார்க்கப் போகிறவர்களுக்கு: மூன்றாவதை முதலில் வைக்கும் ‘காலவரிசை’யில் போகாதீர்கள். அதன் கடைசியில் வரும் சாட் ஹில் கல்லறைத் தோட்டத்தின் முழு ஆர்கெஸ்ட்ராவையும் பாடகி எட்டா தெல்லோர்சோவின் குரலையும் கேட்டுவிட்டுப் போனால், முதல் படத்தின் விசிலும் கிடாரும் ஒல்லியாகத் தெரியும். வெளியான வரிசைதான் சரி. இன்னொன்று, மூன்றாம் படத்தை 2003-ல் நீட்டிப் புதுப்பித்தபோது, சேர்த்த காட்சிகளுக்கு ஈஸ்ட்வுட்டும் டூக்கோவாக நடித்த ஈலை வாலக்கும் வயதான குரலில் மறுபடி டப்பிங் பேசினார்கள். வான் க்ளீஃப் 1989-லேயே இறந்துவிட்டதால் அவருக்கு வேறொருவர் குரல். அதோடு 5.1 (பல ஒலிபெருக்கிகளுக்கான) ஒலிக்கலவையில் பழைய துப்பாக்கிச் சத்தங்களை எடுத்துவிட்டுப் புதியவற்றை வைத்தார்கள். அவை கனமாக இடித்துக்கொண்டு இசைக்கு மேலே ஏறி நிற்கின்றன. டிஸ்க்கில் பழைய மோனோ (ஒற்றைத் தட) ஒலித்தடம் இருந்தால், மெனுவில் தேடி அதையே போடுங்கள்.