கேஸ் ஷீட்டில் இல்லாத பாதி

மருத்துவக் கவுன்சிலின் 2002 விதிப்படி, உள்நோயாளியின் பதிவேட்டை சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து 3 வருஷம் வைத்திருந்தால் போதும். பெரிய ஆஸ்பத்திரிகள் அதற்கு மேலும் வைத்திருப்பார்கள். ஆனால் எத்தனை வருஷம் வைத்திருந்தாலும் அதில் நோயின் ஒரு பாதிதான் இருக்கும். "மருந்தைத் தொடரவில்லை" என்று ஒரு வரி எழுதியிருக்கும். குடியாத்தத்திலிருந்து பஸ் ஏறி வந்தால் அன்றைய பீடிக்கூலி போச்சு, மாமியாருக்குத் தெரியாமல்தான் மாத்திரை வாங்க வேண்டும் என்பதெல்லாம் அங்கே ஏறாது. அதை ஜனங்கள் வாட்ஸ்அப் குழுவிலும் முகநூலிலும்தான் சொல்கிறார்கள். போன் மாற்றும்போது வாட்ஸ்அப்பில் சொன்னது பல நேரம் போய்விடுகிறது.

நம்ம வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரி பிறந்த கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பேர் வந்து, பிரசவத்தில் தவிக்கும் மனைவியைப் பார்க்க, அங்கே டாக்டராக இருந்தவரின் மகள் ஐடா ஸ்கடரைக் கூப்பிட்டார்கள். ஆண் டாக்டர் வேண்டாம் என்றார்கள். மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அதன் பிறகுதான் ஐடா டாக்டருக்குப் படித்து வந்து சி.எம்.சி.யைத் தொடங்கினார். இது ஐடா சொன்னதால் நமக்குத் தெரியும். அந்த மூன்று வீட்டில் யார் என்ன பேசினார்கள், யார் தடுத்தார்கள், மருத்துவச்சி என்ன செய்தாள் என்பது நம்மிடம் இல்லை. இன்றைக்கு சி.எம்.சி.க்கு வந்து, தோட்டப்பாளையம் லாட்ஜில் அடுப்பு மூட்டிச் சமைத்துக்கொண்டு ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்கும் ஜார்க்கண்ட், மேற்கு வங்கக் குடும்பங்கள் தங்கள் பக்கத்தைத் தாங்களே பதிவு செய்துகொண்டிருக்கிறார்கள். பத்திரப்படுத்தத்தான் ஆள் இல்லை.

பத்திரப்படுத்துவது என்றதும் ஸ்கிரீன்ஷாட் எடுப்பவர்கள்தான் அதிகம். அதில் முதல் கோளாறு தேதி. முகநூலில் பல நேரம் "3 வாரம்" என்று மட்டும் இருக்கும். எந்த வருஷத்து 3 வாரம் என்று பத்து வருஷம் கழித்து யாருக்குத் தெரியும்? பதிவைத் திறந்து முழுத் தேதியையும் இணைப்பையும் தனியாகக் குறித்து வையுங்கள். பதிவு எழுதியவரே முன்வந்தால் இன்னும் நல்லது. அவர் கணக்கிலிருந்து தன் தகவலைப் பதிவிறக்கும் வசதியைத் திறந்து, காலத்தை முழுவதுமாகத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். ஜேசன் (JSON, கணினி படிப்பதற்கான) வடிவில் எடுத்தால் தமிழ் எழுத்தெல்லாம் உடைந்து, விளங்காத குறிகளாக வந்து நிற்கும். ஃபைல் கெட்டுவிட்டது என்று அழித்துவிடாதீர்கள், சின்ன நிரல் ஒன்றால் சரி செய்யலாம். படிப்பதற்கு ஹெச்டிஎம்எல் வடிவிலும் ஒன்று எடுத்து வையுங்கள். ஆனால் அவர் பதிவின் கீழே மற்றவர்கள் எழுதிய கருத்துகள் இதில் வராது. பாதி வரலாறு அந்தக் கருத்துகளில்தான் இருக்கிறது. அதற்கு ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகத்தான் கேட்க வேண்டும்.

வாட்ஸ்அப்பில் "சாட் ஏற்றுமதி" இருக்கிறது. படம், குரலோடு எடுத்தால் கடைசி 10,000 செய்திகள் வரைக்கும், இல்லாமல் எடுத்தால் 40,000 வரைக்கும்தான் வரும். இரண்டையும் எடுங்கள். அந்தப் போனில் இறங்காத குரல்பதிவு ஏற்றுமதியிலும் வராது. எந்தப் பதில் எந்தச் செய்திக்கு என்ற தொடர்பும் அறுந்துவிடும். பெயர்கள் எடுப்பவரின் போனில் சேமித்தபடிதான் வரும்: ஒரு போனில் "லாட்ஜ் அண்ணன்" என்று இருப்பவர் இன்னொரு போனில் வெறும் நம்பர். அதனால் எந்தப் போனிலிருந்து, எந்தத் தேதியில் எடுத்தது என்று எழுதாத ஏற்றுமதி பாதி பயனற்றது. குழுவில் மறையும் செய்தி போட்டிருந்தால் 24 மணி நேரம், 7 நாள் அல்லது 90 நாள், அவ்வளவுதான் அவகாசம்.

குரல்பதிவை எம்பி3 ஆக மாற்றிவிட்டு மூலத்தை அழிப்பவர்களைப் பார்த்தால் கோபம்தான் வருகிறது. வாட்ஸ்அப் குரல்பதிவு ஓபஸ் (opus) என்ற வடிவில் வரும்; அந்த ஃபைலை அப்படியே வையுங்கள், கேட்பதற்கு வேறு பிரதி போட்டுக்கொள்ளலாம். எழுத்தாக்கும்போது பேசியபடியே எழுதுங்கள். "வந்துகினு இருந்தேன்" என்று ஆம்பூர்க்காரர் சொன்னால் அதுவே இருக்கட்டும். சொல்லும் மருத்துவத் தகவல் தவறாக இருந்தாலும் திருத்தக்கூடாது. 2020-இல் கபசுரக் குடிநீரை எத்தனை வேளை குடித்தோம், எதை நம்பிக் குடித்தோம் என்பதும் வரலாறுதான். மறுப்பு எழுத வேண்டுமானால் தனிக் குறிப்பாக, எழுதியவர் பெயரோடு போடுங்கள்.

அனுமதி விஷயத்தில்தான் நல்ல எண்ணமுள்ளவர்களும் சறுக்குகிறார்கள். குழுவில் போட்டதாலேயே காப்பகத்துக்குச் சம்மதித்துவிட்டதாக ஆகாது. அட்மின் தலையாட்டினால் 200 பேரும் தலையாட்டியதாகவும் ஆகாது. எச்.ஐ.வி. என்றால் சட்டமே குறுக்கே நிற்கிறது: 2017 சட்டப்படி ஒருவரின் நிலையை அவர் தெரிந்து தரும் சம்மதமில்லாமல் வெளியிட முடியாது. இப்போதே எல்லோரும் பார்க்கலாம், நான் போன பிறகு பார்க்கலாம், 30 வருஷம் பூட்டி வையுங்கள் என்று மூன்று வழி கொடுத்து, எதுவென்று அவரையே சொல்ல வையுங்கள். பிறகு மனம் மாறினால் எடுத்துவிடவும் வழி வேண்டும். அதற்கு ஒவ்வொரு கதைக்கும் ஓர் எண். எண்ணுக்கும் ஆளுக்கும் உள்ள பட்டியல் வேறு இடத்தில் பூட்டில்.

பெயரை அழித்தால் போதும் என்பது ஏமாற்று. "பேரணாம்பட்டு, தோல் ஷெட் வேலை, இரண்டு பெண் குழந்தை, 2019-இல் கிட்னி" என்றால் ஊரே ஆளைச் சொல்லிவிடும். மருந்துச்சீட்டுப் படத்தில் ஆஸ்பத்திரி எண், பார்கோடு, சில நேரம் போன் நம்பர் எல்லாம் இருக்கும். பொதுவில் இருக்கும் பதிவின் ஒரு வரியை அப்படியே மேற்கோள் காட்டினால், தேடி ஆளைப் பிடித்துவிடலாம்.

இன்னொன்று, கிடைப்பது எல்லாமே உயிரோடு இருப்பவர்கள் எழுதியது, அதிலும் போன் கையில் உள்ளவர்கள் எழுதியது. அம்மாவின் புற்றுநோயை மகன்தான் எழுதுகிறான். எழுதியவர் நோயாளியா, கூட இருந்தவரா, நோய் வந்தது எப்போது, எழுதியது எப்போது என்று மேலே மூன்று வரி போடாவிட்டால், பின்னால் ஆராய்பவர் மகனின் பயத்தை அம்மாவின் பயமாக எடுத்துக்கொள்வார்.

சேமிக்கப் பென் டிரைவை நம்ப வேண்டாம். இரண்டு ஹார்ட் டிஸ்க், வேறு ஊரில் மூன்றாவது பிரதி, வருஷத்துக்கு ஒரு முறை திறந்து பார்ப்பது. இது ஒரு கல்லூரி வரலாற்றுத் துறைக்குத் தாங்கக்கூடிய செலவுதான்.

யார் கையில் வைப்பது? ஆஸ்பத்திரி கையில் வேண்டாம் என்பேன். நாளைக்கு அதே ஓ.பி.யில் வரிசையில் நிற்கப்போகிறவர், பில்லைப் பற்றியோ நர்ஸ் அதட்டியதைப் பற்றியோ அங்கே மனம்விட்டுச் சொல்லமாட்டார். கல்லூரியோ நூலகமோ வைத்துக்கொள்ளட்டும். ஆஸ்பத்திரிக்குப் பிரதி வேண்டுமென்றால், அதற்கும் சொன்னவரிடம் தனியாக அனுமதி வாங்கித்தான் கொடுக்க வேண்டும்.