சோடாப் போத்தல் திரும்பிப் போனது, ஷாம்பு பக்கெட் ஏன் போகவில்லை?

போன சனிக்கிழமை மட்டக்களப்பு கல்லடிக் கடற்கரையில் குப்பை பொறுக்கினோம். பிளாஸ்டிக் போத்தல்களைச் சாக்கில் கட்டி, பழைய சாமான் எடுக்கும் நானாவிடம் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். மற்றச் சாக்கைத் திறந்து பார்த்தவர் உடனே மூடிவிட்டார். "இத வெச்சி நான் என்ன தங்கச்சி செய்ற? ஒருத்தனும் எடுக்க மாட்டான்." உள்ளே முழுக்க ஷாம்பு, பால்மா, சரக்குத்தூள் பக்கெட்டுகள்.

வீட்டுக்கு வந்து ஒரு பக்கெட்டை வெட்டி, நகத்தால் உரித்துப் பார்த்தேன். பிரியவே இல்லை. வெளியே அச்சடித்த பிளாஸ்டிக், நடுவில் அலுமினியம், உள்ளே இன்னொரு பிளாஸ்டிக், எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிப் போயிருக்கின்றன. ஆலையில் பிரிப்பதற்கும் கட்டுப்படியாகாது. இது குப்பையாகும் என்பது செய்த அன்றே முடிவாகிவிட்டது.

இலங்கையில் 20 மில்லிலீட்டர், 20 கிராம் வரையான பக்கெட்டுகளுக்கு 2021 மார்ச் 31 முதல் தடை. உணவுக்கும் மருந்துக்கும் மட்டும் விலக்கு. ஆனால் என் சாக்குக்குள் 6 மில்லிலீட்டர் ஷாம்பு பக்கெட் இருந்ததே! 2025 நவம்பர் 1 முதல் சொப்பிங் பைக்கும் காசு. சரி, நல்லதுதான். பை வாங்குகிறவரிடம் காசு கேட்கிறோம். பக்கெட் செய்கிறவரிடம் 'திருப்பி எடு' என்று யார் கேட்பது? அம்பாறை பள்ளக்காட்டில் குப்பையைத் தின்று செத்த யானைகளின் வயிற்றில் கிடந்ததும் இந்த மாதிரி உறைகள்தான்.

சின்ன வயதில் வெறும் போத்தலோடுதான் அப்பா என்னைச் சோடா வாங்க அனுப்புவார். போத்தல் இல்லாவிட்டால் அதற்கும் சேர்த்துக் காசு. சோடா இறக்கிய லொறியே வெறும் போத்தல்களை ஏற்றிக்கொண்டு போகும். இன்று கொழும்பிலிருந்து 300 கிலோமீற்றருக்கு மேல் ஓடி வந்து சாமான் இறக்கும் எத்தனை லொறிகள் வெறுமனே திரும்புகின்றன? பெரிய கொம்பனிகள் ஒரே வகைப் பிளாஸ்டிக்கில் பக்கெட் செய்யட்டும், அதே லொறியில் திருப்பி ஏற்றட்டும். அவர்களால் முடியும்.

முடியாதவர்கள் நம் ஊரில் இருக்கிறார்கள். ஆரையம்பதியில் என் மாமி சரக்குத்தூள் இடித்து விற்கிறார். கண்ணாடிப் போத்தலில் கொடுத்து, திருப்பித் தந்தால் 20 ரூபா கழித்தார். சனம் சந்தோசமாகக் கொண்டுவந்தது. ஆனால் ஒவ்வொன்றும் ஒவ்வோர் அளவு, மூடி பொருந்தாது, எத்தனை தரம் சுடுதண்ணீரில் கழுவினாலும் மூடியில் மஞ்சள் மணம் போகாது. விறகுச் செலவு வேறு. ஆறு மாதத்தில் பக்கெட்டுக்குத் திரும்பிவிட்டார். அவரை எப்படிக் குறை சொல்வேன்?

இந்த இடத்தில்தான் உதவி வேண்டும். சரக்குத்தூள், ஊறுகாய், தேன் விற்கும் எல்லாருக்கும் ஒரே அளவுப் போத்தல், ஒரே மூடி. கொதிநீரில் கழுவிக் கொடுக்க ஒரு பொது இடம். கூட்டுறவுச் சங்கம் நடத்தினாலும் சரி, பிரதேச சபைகள் நடத்தினாலும் சரி. பயிற்சிப் பட்டறை, சான்றிதழ் எல்லாம் அப்புறம் பார்க்கலாம்.

மாமியின் குசினி மூலையில் இன்னும் 60 போத்தல் அடுக்கிக் கிடக்கிறது. கழுவ ஓர் இடம் கிடைத்தால் நாளைக்கே நான் ஏற்றிப்போய் இறக்குவேன்.