தாதர் என்றால் கால் மணி நேரம்

போன வாரம், ரயிலில் எதிரே உட்கார்ந்தவர்களை நான் வரைந்து வைத்த நோட்டுகள் அடுக்கிய பீரோவைப் படம் எடுத்துப் போட்டாலும் போட்டேன், "உள்ளே இருப்பதையும் போடுங்க" என்று ஆளாளுக்குக் கேட்டுவிட்டீர்கள். போடப் போவதில்லை. ஏன் என்று கமென்டில் சொல்லி முடிக்க முடியவில்லை. அதனால்தான் இந்த நீளப் பதிவு. நேரமிருந்தால் படியுங்கள்.

1992-இல் கல்யாணமாகி மும்பை பக்கம் டோம்பிவிலிக்கு வந்தேன். வேலை தென்மும்பை ஃபோர்ட்டில், கணக்கு எழுதுவது. வி.டி. ஸ்டேஷனில் (இப்போது சி.எஸ்.எம்.டி.) இருந்து வீட்டுக்கு ரயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல். போக ஒன்று, வர ஒன்று. எனக்குப் பின்னல் வராது, ரயில் பஜனையில் சேரக் குரல் கிடையாது. கையில் பால்பாயின்ட் பேனாவும் பையில் ஒரு ரஃப் நோட்டும் இருந்தன. எதிரே உட்கார்ந்தவர்களை வரைய ஆரம்பித்தேன். ரிட்டயராகிப் பாஸ் முடிந்த அன்றுவரை 63 நோட்டு.

படம் வரைய முறையாக யாரும் சொல்லித்தரவில்லை. வி.டி.யில் இறங்கிக் கூப்பிடு தூரத்தில் ஜே.ஜே. ஓவியப் பள்ளி. கார்ட்டூனிஸ்ட் ஆர்.கே. லட்சுமணனையே சேர்த்துக்கொள்ளாத இடம் என்பதால், நமக்கென்ன என்று வாசலைத் தாண்டிப் போய்விடுவேன். எனக்குச் சொல்லிக்கொடுத்தது மும்பை லோக்கல் ரயிலின் ஒரே ஒரு கேள்வி: "கிதர் உதர்னேகா?" எங்கே இறங்கணும்?

இந்த ஊரில் இருப்பவர்களுக்குத் தெரியும். நிற்பவர் உட்கார்ந்திருப்பவரிடம் இதைக் கேட்டு, அவர் எழுந்ததும் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்வார். மூன்று பேர் சீட்டில் நாலாவதாக ஒருத்தி ஒரு தொடையை மட்டும் வைத்துக்கொண்டு தொங்குவாளே, அவளுக்கும் இதுதான் நம்பிக்கை. எனக்கு அந்தக் கேள்வி வேறு விதத்தில் உதவியது. மாலை ரயிலில் எதிர் சீட்டுக்காரி "தாதர்" என்றால் எனக்குக் கால் மணி நேரம். முகமும் தோளும்தான். "தானே" என்றால் முக்கால் மணிக்குக் கொஞ்சம் குறைவு, சேலை மடிப்புவரை போகலாம். டோம்பிவிலி என்று சொல்லிவிட்டால் கொண்டாட்டம், வளையலைக்கூட எண்ணி வரையலாம்.

புதிதாக வரைபவர்கள் "ஆள் அசைந்துகொண்டே இருக்கிறாரே" என்று புலம்புவார்கள். அசையட்டும். மனிதர்கள் நாலைந்து நிலைகளுக்குள்ளேயேதான் சுற்றுவார்கள். கன்னத்தில் கை வைத்தவள் பையைச் சரிசெய்வாள், வெளியே பார்ப்பாள், மறுபடி அதே கன்னத்தில் அதே கையை வைப்பாள். ஒரே பக்கத்தில் மூன்று படங்களைத் தொடங்கி வைத்துக்கொண்டு, அவள் எந்த நிலைக்குத் திரும்புகிறாளோ அந்தப் படத்தைத் தொடர வேண்டியதுதான். குளிர்காலத்தில் பட்டாணி உரித்துக்கொண்டு வருவார்களே, அவர்களை வரைவதுதான் எனக்கு ரொம்பப் பிடிக்கும். கை மட்டும் ஓடும், உடம்பு சிலை மாதிரி இருக்கும்.

சிலை என்றதும் அப்பா நினைவு வருகிறது. விகடனில் சில்பி வரைந்த கோயில் சிற்பங்களைக் கத்தரித்து பைண்டு செய்து வைத்திருந்தார். அந்தக் கோடுகளைப் பார்த்துத்தான் எனக்குப் பேனா பிடிக்கும் ஆசையே வந்தது. ஆனால் கல் நம்மைத் திரும்பிப் பார்க்காது. ரயிலில் இருப்பவள் பார்ப்பாள்.

ஒரு மாவ்ஷி (மராத்தியில் சித்தி, பெரியம்மா மாதிரி) பார்த்தாள். 1995 வாக்கில் இருக்கும். குர்லா தாண்டியதும் கையை நீட்டி நோட்டை வாங்கிக்கொண்டாள். எனக்கு வயிற்றைக் கலக்கியது. படத்தை உற்றுப் பார்த்தாள், பக்கத்திலிருந்தவளிடம் காட்டினாள், பிறகு தன் மங்கள்சூத்திரத்தைத் தூக்கிக் காட்டி "தோன் வாட்டி, தோன்!" என்றாள். "ரெண்டு வாட்டி" என்று நம்மூர் வழியில் புரிந்துகொண்டு, எதையோ இரண்டு தடவை செய்யச் சொல்கிறாளோ என்று விழித்தேன். மராத்தியில் வாட்டி என்றால் கிண்ணம். அவர்கள் தாலியில் கிண்ணம் மாதிரி இரண்டு பொன் குமிழ்கள் இருக்கும், ஒன்று பிறந்த வீடு, ஒன்று புகுந்த வீடு. நான் ஒன்றுதான் போட்டிருந்தேன். பேனாவைப் பிடுங்கி இன்னொன்றை அவளே வரைந்தாள். என் நோட்டுகளிலேயே அடுத்தவர் கை பட்ட பக்கம் அது ஒன்றுதான். எந்த வீட்டைத் தொலைத்திருந்தேன் என்று மட்டும் அவள் சொல்லவில்லை.

அன்றிலிருந்து ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். யார் கவனித்தாலும் நோட்டைத் திருப்பிக் காட்டிவிடுவேன். வேண்டாம் என்றால் கிழித்துக் கையில் கொடுத்துவிடுவேன். முப்பது வருஷத்தில் நாலு பக்கம்தான் போனது. அதில் ஒன்று ஒரு கல்லூரிப் பெண்ணுடையது. பக்கத்தின் அடியில் தேதியும் ரயில் நேரமும் எழுதுவது என் பழக்கம். அதைப் பார்த்துவிட்டு, "ஆன்ட்டி, இந்த நேரத்துக்கு இந்த ரயிலில் நான் இல்லை" என்றாள். நியாயம்தானே!

"முன்பே அனுமதி கேட்கலாமே" என்பார்கள். கேட்டால் நிமிர்ந்து உட்கார்ந்து தலைமுடியைச் சரிசெய்துகொள்வார்கள். அப்புறம் அவர் ஸ்டூடியோவுக்கு வந்த ஆள். போனில் படமெடுப்பது ஒரு நொடி வேலை, எடுக்கப்பட்டவருக்குத் தெரியவே தெரியாது. வரைபவளுக்குப் பத்து நிமிடம் வேண்டும், பத்து நிமிடம் வெறித்தால் எவளும் கண்டுபிடித்துவிடுவாள். கையும் களவுமாகப் பிடிக்க அவளுக்கு வாய்ப்பு இருக்கிறது. எனக்கு அது போதும். அந்த வாய்ப்பு இல்லாதவரை வரையக் கூடாது என்பதுதான் என் கட்சி.

அதை நான் நல்ல விதமாகக் கற்றுக்கொள்ளவில்லை. 1994-இல் சயான் பக்கம் ஒரு நடைபாதையில் தூங்கிக்கொண்டிருந்தவரை நின்று நிதானமாக வரைந்தேன். அசையாத ஆள், காலைச் சாய்வெயில், படம் அபாரமாக வந்தது. முடிக்கும் நேரத்தில் விழித்துக்கொண்டார். நோட்டையும் பேனாவையும் பார்த்தார், காலை மடக்கி உட்கார்ந்து நல்ல தமிழில் கேட்டார்: "கணக்கெடுக்கிறீங்களாம்மா? எப்ப காலி பண்ணணும்?"

நடைபாதைவாசிகளை அப்புறப்படுத்தும் வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய் 1985-இல் தீர்ப்பான ஊர் இது. அங்கே நோட்டோடு ஒருத்தி நின்றால் அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு உறைக்கவே இல்லை. "இல்லைங்க, சும்மா படம்" என்றேன். அவர் நம்பினாரா தெரியாது. அந்தப் பக்கம் இன்னும் என்னிடம் இருக்கிறது, யாருக்கும் காட்டியதில்லை. இன்றைக்கு இன்ஸ்டாகிராமில் தூங்கும் கூலிக்காரர், பிச்சையெடுக்கும் பாட்டி என்று வரைந்து போட்டு இதயம் வாங்குபவர்களைப் பார்க்கும்போதெல்லாம் அந்தக் கேள்வி காதில் விழுகிறது. என் நோட்டில் இருக்கும் மற்றவர்களை இங்கே போடாததும் அதனால்தான். நோட்டைத் திருப்பிக் காட்டியபோது சிரித்தவர்கள் எனக்காகச் சிரித்தார்கள். ஆயிரம் பேர் பார்ப்பார்கள் என்று நான் அவர்களிடம் சொல்லவில்லையே.

எப்படி விடாமல் வரைகிறீர்கள் என்றும் கேட்டிருந்தீர்கள். விட்டிருக்கிறேன். பெரியவன் பிறந்தபோது ஏழு மாதம் ஒரு கோடுகூட இல்லை. தினம் ஒரு படம் என்று சபதம் எடுப்பவர்கள் இரண்டு நாள் தவறினால் நோட்டையே மூடிவிடுகிறார்கள். நான் விட்ட இடத்துக்கு அடுத்த பக்கத்தில் தொடங்குவேன், அவ்வளவுதான். ஓவியர் கோபுலு பக்கவாதத்தில் வலது கை முடங்கியபின் இடது கையால் வரைந்தாராம். எனக்கெல்லாம் அந்தச் சோதனை வரவில்லை. 2020 மார்ச்சில் லோக்கலை நிறுத்தியபோதுதான் தடுமாறினேன். வரைய வீட்டுக்காரர் மட்டும்தான். அவரும் மூன்றாம் நாளே "காசு குடு" என்றார். அக்டோபரில் பெண்களை ரயிலில் ஏற்றியதும் ஓடினேன். எல்லோரும் மாஸ்க்கில். மூக்கு வரைய வராத எனக்கு அது வசதியாகத்தான் இருந்தது.

பார்க்க ஆசைப்படுபவர்கள் வீட்டுக்கு வாருங்கள், இன்பாக்ஸில் வழி சொல்கிறேன். 22-ஆம் நோட்டை மட்டும் மெதுவாகப் புரட்டுங்கள். 2005 ஜூலை 26 வெள்ளத்தில் இடுப்பளவு தண்ணீரில் என்னோடு நடந்து வந்த நோட்டு அது. பால்பாயின்டில் வரைந்தவை எல்லாம் அப்படியே இருக்கின்றன. யாரோ பரிசாகக் கொடுத்த மைப்பேனாவால் அந்த ஒரு மாதம் ஆடம்பரமாக வரைந்தேன் பாருங்கள், அந்தப் பக்கங்களில் நீலமாக ஒரு கறையும் அடியில் ரயில் நேரமும்தான் மிச்சம். நேரத்தைப் பழைய பால்பாயின்டில் எழுதியிருந்தேன்.