முருங்கைக்கீரையில் பி12 இல்லை

சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு வைட்டமின் பி12 குறைந்து கால் எரிச்சல் வந்தால் தினமும் முருங்கைக்கீரை போதும், அதிலேயே பி12 கிடைத்துவிடும் என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார்.

முதல் பாதி சரி. மெட்ஃபார்மினைப் பல வருடம் எடுத்தால் பி12 குறையக்கூடும். அந்தக் குறைவும் சர்க்கரையால் வருவது போலவே எரிச்சல், மரத்துப்போதல் எல்லாம் தரும். ஆனால் முருங்கைக்கீரையில் பி12 கிடையாது. இரும்பு, கால்சியம், ஃபோலேட்டுக்காகத் தாராளமாகச் சாப்பிடுங்கள். பி12 நமக்கு வருவது பால், தயிர், முட்டை, மீன், ஈரல் வழியாக. ஒரு முட்டையில் சுமார் அரை மைக்ரோகிராம். நாளுக்குத் தேவை 2-க்குச் சற்று மேல்.

அமெரிக்க வேளாண் துறையின் இணைய உணவுத் தரவுத்தளத்தில் முருங்கைக்கீரையைத் தேடி பி12 வரியைப் பாருங்கள், 0 என்றிருக்கும். உங்கள் நிலை தெரிய லேபில் சீரம் பி12 (ரத்தத்தில் உள்ள பி12 அளவு) பாருங்கள். பொதுவாக ஒரு மில்லிலிட்டருக்கு 200 பிகோகிராமுக்குக் கீழே என்றால் குறைவு. 200 முதல் 300 வரை சந்தேக எல்லை. அப்போது மீதைல்மலோனிக் அமிலப் பரிசோதனை (பி12 குறைந்தால் இந்த அமிலம் ஏறும்) பற்றி டாக்டரிடம் கேளுங்கள். ஊசியோ மாத்திரையோ தொடங்கும் முன்பே ரத்தம் கொடுத்துவிடுங்கள், பிறகு கொடுத்தால் எண் ஏறிப்போய்க் குறைவு தெரியாது. ஹீமோகுளோபின் சரியாக இருக்கிறதே என்றும் விட்டுவிடாதீர்கள். ரத்தசோகை இல்லாமலும் நரம்பு கெடும்.

மெட்ஃபார்மினை நீங்களாக நிறுத்த வேண்டாம். குறைவு உறுதியானால் பி12 மாத்திரையோ ஊசியோ டாக்டர் தருவார். கீரையை நம்பி மாதக்கணக்கில் தள்ளிப்போட்டால் நரம்புச் சேதம் திரும்பாமலே போகலாம்.